திறப்பதும் பூட்டுவதும் புரதமே

மூன்று பெட்ரி தட்டுகளை மேசைமேல் வரிசையாக வைக்கிறேன். மூன்றிலும் ஒரே அகார். அதில் இரண்டு மருந்துகளைக் கலந்திருக்கிறோம். முதல் தட்டில் கொடுக்கும் பாக்டீரியாவை மட்டும் பூசினோம். அது ஒரு மருந்தைத் தாங்கும், மற்றதற்குச் சாகும், ஒன்றும் முளைக்கவில்லை. இரண்டாம் தட்டில் வாங்கும் பாக்டீரியா மட்டும். அது தாங்குவதும் சாவதும் நேர்மாறு, அங்கும் வெறுமை. மூன்றாம் தட்டில், இரண்டையும் ஒரு மணி நேரம் ஒரே குழாயில் விட்டுவைத்துப் பிறகு பூசியது. அதில் மட்டும் கடுகைவிடச் சிறிய வெள்ளைப் புள்ளிகள். மாணவிகள் தட்டைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தில் பேனாவால் குறியிட்டபடி எண்ணுகிறார்கள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு கைமாற்றத்தின் சாட்சி. கொடுக்கும் செல்லில் இருந்த சிறிய டி.என்.ஏ. வளையம், பிளாஸ்மிட், வாங்கும் செல்லுக்குள் போயிருக்கிறது. மருந்தைத் தாங்கும் சக்தியும் கூடவே போயிருக்கிறது.

நான் உடுமலைப் பக்கம் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுக்கிறவன். வீடு கணியூரில். சென்ற மாதம் இந்தச் சோதனையை முடித்துவிட்டு ஊர் வந்து இறங்கிய சாயங்காலம், நிறுத்தத்துக்கு அருகில் ஒரு மருந்துக்கடையில் நின்றேன். திருப்பூரில் இரவு ஷிப்ட் பார்த்துவிட்டு வந்திருந்த பையன் ஒருவன் எனக்கு முன்னால் நின்றான். "தொண்ட வலிங்ண்ணா, காய்ச்சலும் இருக்குது. நாளைக்கு வேலைக்குப் போயே ஆகோணும்" என்றான். கடைக்காரர் ஆன்டிபயாடிக் அட்டையை எடுத்து, கத்தரியால் மூன்று மாத்திரைகளை மட்டும் நறுக்கிக் கொடுத்தார். சீட்டும் இல்லை, கேள்வியும் இல்லை. வெளியே, கடைக்கு எதிரே, சாக்கடை பாசனக் கால்வாயை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

மருந்தைத் தாங்கும் பாக்டீரியா பெருகுவதற்கு எது பெரிய காரணம், அந்தக் கத்தரியா, அந்தச் சாக்கடையா? இதற்கு இன்று மூன்று விதமான பதில்கள் உலவுகின்றன. முதலாவது, மருந்தைக் கண்டபடி தின்றதே காரணம், அதை நிறுத்தினால் பரவல் நிற்கும் என்பது. இரண்டாவது, மரபணு பிளாஸ்மிட்டில் ஏறிவிட்டால் அதைத் தடுக்க எவராலும் முடியாது என்பது. மூன்றாவது, பிளாஸ்மிட் கைமாறுவதைத் திறந்து மூடும் புரதங்கள் இருக்கின்றன, அவை எப்போது திறக்கின்றன என்பதே பரவலின் போக்கைத் தீர்மானிக்கிறது என்பது. மூன்றையும் நம் நாட்டுச் சான்றுகளை முன்வைத்து எடைபோடுவதே இக்கட்டுரையின் வேலை.

பிரேக் அறுந்த பாடம்

பாக்டீரியாக்கள் மரபுப்பொருளைப் பரிமாறிக்கொள்கின்றன என்பதை ஜோஷுவா லெடர்பெர்க்கும் எட்வர்ட் டேட்டமும் 1946-இல் காட்டினார்கள். இந்தப் பரிமாற்றம் ஒருவழிப் பாதை, கொடுப்பது ஒன்று, வாங்குவது ஒன்று என்பதை 1950-களின் தொடக்கத்தில் வில்லியம் ஹேஸ் நிறுவினார். பிளாஸ்மிட் என்ற சொல்லை லெடர்பெர்க் 1952-இல் தந்தார். அப்போது ஆராயப்பட்ட 'எஃப்' பிளாஸ்மிட்தான் இன்றுவரை எல்லாப் பாடநூல்களுக்கும் மாதிரி. அதன் நீளம் சுமார் ஒரு லட்சம் எழுத்துகள். அதில் மூன்றில் ஒரு பங்கு, இடம் மாறும் வேலைக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது.

அந்தப் பங்கில் எழுதப்பட்டிருக்கும் புரதங்கள் ஒரு பட்டறையின் ஆட்களைப் போல ஆளுக்கொரு வேலை செய்கின்றன. டிரா-ஏ என்ற புரதம் அடுக்கடுக்காகச் சேர்ந்து பைலஸ் என்னும் நுண்ணிழையாக நீண்டு, பக்கத்துச் செல்லைத் தொட்டு, பின் சுருங்கி இரண்டையும் அருகே இழுக்கிறது. டிரா-என் ஒட்டிய செல்களை நழுவாமல் பிடித்துக்கொள்கிறது. டிரா-ஐ என்னும் ரிலாக்ஸேஸ் புரதம் வளையத்தின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஓர் இழையை மட்டும் வெட்டி, வெட்டிய முனையைத் தன் உடலோடு பிணைத்துக்கொண்டு, மீதி இழையைப் பிரித்துவிடுகிறது. பிரிந்த இழை, செல்லின் இரு சவ்வுகளையும் ஊடுருவி நிற்கும் புரதக் குழல் வழியே அடுத்த செல்லுக்குப் போகிறது. இரண்டு செல்லிலும் துணை இழை புதிதாக நெய்யப்பட்டு வளையம் முழுமையாகிறது. ஏற்கெனவே அதே பிளாஸ்மிட் உள்ள செல்லுக்குள் இன்னொரு பிரதி நுழையாமல் காவல் காக்கவும் டிரா-எஸ் போன்ற புரதங்கள் உண்டு.

இதுவரை சொன்னது திறக்கும் பக்கம். பூட்டும் பக்கத்தை நாம் வகுப்பில் அவசரமாகக் கடந்துவிடுகிறோம். மேலே சொன்ன பட்டறை முழுவதும் டிரா-ஜே என்ற ஒரே மேஸ்திரிப் புரதத்தின் சொல்லுக்குக் காத்திருக்கிறது. டிரா-ஜே உருவாக வேண்டுமானால் அதற்கான செய்தி ஆர்.என்.ஏ. படிக்கப்பட வேண்டும். ஃபின்-பி என்னும் சிற்றிழை ஆர்.என்.ஏ. அந்தச் செய்தியோடு ஒட்டிக்கொண்டு, படிக்க விடாமல் மறைக்கிறது. ஃபின்-பி தானாக இருந்தால் செல்லின் நொதி அதைச் சீக்கிரமே அழித்துவிடும். அழியாமல் காப்பது ஃபின்-ஓ என்ற புரதம். ஃபின்-ஓ இருக்கும்வரை பட்டறை பூட்டியே கிடக்கும். பிளாஸ்மிட் கைமாறும் வேகம் நூறு மடங்கு, சில நேரம் ஆயிரம் மடங்கு குறைந்துவிடும்.

இங்கேதான் பாடநூலின் பெரிய கோளாறு இருக்கிறது. எஃப் பிளாஸ்மிட்டில் ஃபின்-ஓ மரபணுவின் நடுவில் ஐ.எஸ்.3 என்ற தாவும் துண்டு ஒன்று வந்து செருகிக்கொண்டது. மரபணு உடைந்துபோனது, பூட்டு போனது. அதனால்தான் எஃப் அத்தனை தாராளமாகக் கைமாறுகிறது. அதனால்தான் அதை முதலில் கண்டுபிடிக்கவும் முடிந்தது. ஜப்பானில் சீதபேதி நோயாளிகளிடமிருந்து 1950-களில் பிரித்தெடுத்த ஆர்-100 போன்ற இயற்கைப் பிளாஸ்மிட்களில் ஃபின்-ஓ ஒழுங்காகவே இருக்கிறது. அதாவது, நாம் ஆண்டுதோறும் மாணவர்களுக்கு மாதிரி என்று காட்டுவது பிரேக் அறுந்த வண்டியை. அதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, பிளாஸ்மிட் என்றாலே தடுக்க முடியாத ஓட்டம் என்ற எண்ணம் வருவதில் வியப்பில்லை. மேலே சொன்ன இரண்டாவது கூற்றுக்கு வேர் இங்கே இருக்கிறது.

பிளாஸ்மிட் ஏன் தன்னைத் தானே பூட்டிக்கொள்ள வேண்டும்? திறந்து வைப்பதற்குச் செலவு அதிகம். நுண்ணிழையும் குழலும் கட்டச் செல்லின் சக்தி கரைகிறது. எம்13, எம்எஸ்2 போன்ற வைரஸ்கள் அந்த நுண்ணிழையைப் பற்றிக்கொண்டுதான் பாக்டீரியாவுக்குள் நுழைகின்றன. கதவைத் திறந்தே வைத்திருக்கும் வீட்டில் திருடன் புகுவான். அதே சமயம் பூட்டியே கிடந்தால் பிளாஸ்மிட் ஒரே குடும்பத்தோடு முடங்கும். இந்த இக்கட்டுக்கு அது கண்ட வழி நுட்பமானது. புதிய செல்லுக்குள் பிளாஸ்மிட் நுழைந்தவுடன் அங்கே ஃபின்-ஓ இன்னும் சேர்ந்திருக்காது. அது போதிய அளவு சேரும்வரை, சில தலைமுறைகளுக்குப் பூட்டு திறந்தே இருக்கும். வாங்கிய செல் உடனே கொடுக்கும் செல்லாகிறது. பிளாஸ்மிட் இல்லாத பாக்டீரியாக்கள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் அது காட்டுத்தீயாகப் பரவி, எல்லாச் செல்லும் நிறைந்ததும் தானே அடங்கும்.

பூட்டின் வடிவம் பிளாஸ்மிட்டுக்குப் பிளாஸ்மிட் வேறு. செடியில் கழலை நோய் உண்டாக்கும் அக்ரோபாக்டீரியத்தில் டிரா-ஆர் என்ற புரதம், சுற்றிலும் தன் இனம் போதிய அளவு சேர்ந்துவிட்டதா என்பதை ஒரு வேதிச் சைகையால் அறிந்த பிறகே திறக்கிறது. என்டரோகாக்கஸில், வாங்கும் செல் விடும் சிறு புரதத் துண்டே கொடுக்கும் செல்லின் பூட்டைத் திறக்கும் சாவி. கிளெப்சியெல்லா என்னும் பாக்டீரியாவில் பரவும் ஒரு பிளாஸ்மிட்டின் டிரா-என் புரதம், வாங்கும் செல்லின் மேற்பரப்பிலுள்ள ஓம்ப்-கே36 என்ற குறிப்பிட்ட புரதத்தைப் பிடித்தால்தான் பிணைப்பு உறுதியாகிறது என்று 2022-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. கொடுப்பவரின் விருப்பமும் வாங்குபவரின் இசைவும் இரண்டுமே புரதங்களில் எழுதப்பட்டிருக்கின்றன.

சென்னையும் ஹரியானாவும்

ஆய்வுக்கூட உண்மை இது. நோயாளியின் படுக்கை அருகே இதற்கு என்ன மதிப்பு? இதை உரசிப் பார்க்க நமக்குக் கிடைத்த கல், சென்னையில் கிடைத்தது.

2008-இல் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த சுவீடன் நோயாளி ஒருவரிடம், கார்பாபெனெம் என்னும் கடைசி வரிசை ஆன்டிபயாடிக்குகளையும் சிதைக்கும் நொதி ஒன்று கண்டறியப்பட்டது. அதற்கு என்டிஎம்-1 என்று, நியூ டெல்லியின் பெயரைச் சேர்த்துப் பெயரிட்டார்கள். 2010 ஆகஸ்டில் 'லான்செட் இன்ஃபெக்ஷியஸ் டிசீசஸ்' இதழில் வந்த கட்டுரை நாட்டையே உலுக்கியது. அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. உடன் உழைத்தவர்களில் முக்கியமானவர் பிரிட்டனின் டிமோத்தி வால்ஷ். சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியா, பாகிஸ்தானின் பிற இடங்களில் 73 பாக்டீரியா மாதிரிகளில் என்டிஎம்-1 இருந்தது.

அன்று தொலைக்காட்சிகளில் நடந்த சண்டை முழுவதும் பெயரைப் பற்றியது. இந்தியாவுக்கு அறுவை சிகிச்சைக்கு வருவது குறித்துக் கட்டுரை எச்சரித்ததும் சேர்ந்துகொண்டது. மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் சதி என்றார்கள். கட்டுரையின் சில முடிவுரைகளோடு தனக்கு உடன்பாடில்லை என்று முதல் ஆசிரியரே அப்போது சொன்னார். ஊரின் பெயரை வைத்தது தவறு என்று 2011 ஜனவரியில் லான்செட் ஆசிரியர் ரிச்சர்ட் ஹார்ட்டன் டெல்லியில் வருந்தினார். அந்த வருத்தம் நியாயமானது. ஆனால் இத்தனை ஆரவாரத்தில், அந்தக் கட்டுரையின் உயிர்நிலையான ஒரு வரியை நாம் படிக்காமலே விட்டோம்.

ஹரியானாவில் கிடைத்த கிளெப்சியெல்லாக்கள் எல்லாம் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. அவற்றின் பிளாஸ்மிட் சோதனைத் தட்டில் கைமாறவில்லை. சென்னையிலும் பிரிட்டனிலும் கிடைத்தவை வெவ்வேறு குலங்கள். அவற்றின் பிளாஸ்மிட்கள் எளிதாகக் கைமாறின.

மரபணு ஒன்றுதான், ஆபத்து இரண்டு விதம். ஹரியானாவில் பயணம் செய்தது பாக்டீரியா. சென்னையில் பயணம் செய்தது பிளாஸ்மிட். ஒரே குலம் படுக்கையிலிருந்து படுக்கைக்குப் போகிறது என்றால் அதைச் சுமப்பது கை, குழாய், கருவி. கை கழுவுவதும் நோயாளியைத் தனிமைப்படுத்துவதும் அங்கே பலன் தரும். வெவ்வேறு குலங்களில் ஒரே மரபணு தோன்றுகிறது என்றால் கைமாற்றம் வார்டுக்கு வெளியிலும் நடந்திருக்க இடமுண்டு. ஒரு நோயாளியைத் தனிமைப்படுத்தி அதை முழுவதும் தடுத்துவிட முடியாது. எந்த மருத்துவம் பொருந்தும் என்பதைச் சொல்வது மரபணுவின் பெயரல்ல. அதைச் சுமக்கும் வளையத்தின் பூட்டு திறந்ததா, மூடியதா என்பதே. மூன்றாவது கூற்றுக்கு இதைவிட நேரான சான்று எனக்குத் தெரிந்து நம் நாட்டில் இல்லை.

ஆயினும் இந்தச் சான்றையும் தட்டிப் பார்க்க வேண்டும். 'கைமாறும்', 'கைமாறாது' என்ற இரண்டு சொற்களும் சோதனையின் நிபந்தனைக்கு உட்பட்டவை. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த, எதையும் எளிதில் ஏற்கும் ஈ. கோலை வகையை வாங்கும் செல்லாக வைப்பதே இவ்வகைச் சோதனைகளின் வழக்கம். அதற்குள் ஒரு பிளாஸ்மிட் போகவில்லை என்றால், வேறு இனத்துக்குள்ளும் போகாது என்று சொல்ல முடியாது. ஓம்ப்-கே36 உதாரணம் நினைவிருக்கட்டும். அதோடு, தானே நகரும் திறன் இல்லாத சிறிய பிளாஸ்மிட், அதே செல்லில் இருக்கும் பெரிய பிளாஸ்மிட்டின் குழலைக் கடன் வாங்கிக்கொண்டு நகரக் கூடும். இந்திய மருத்துவமனைகளில் பரவலாகக் காணப்படும் ஆக்சா-232 மரபணுவைச் சுமப்பது சுமார் ஆறாயிரம் எழுத்துகளே கொண்ட குட்டி வளையம். அதற்குச் சொந்தக் குழல் கிடையாது. எனவே ஹரியானாவின் 'கைமாறாது' என்பதை நிரந்தர நற்சான்றாக வாங்கிக்கொள்ள முடியாது. வெப்பநிலை பற்றிய இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அது தனியே பேச வேண்டியது.

முப்பது டிகிரியின் சாட்சியம்

1972-இல் கோழிக்கோட்டில் டைஃபாய்டு பரவியது. அன்று அதற்கு முதல் மருந்து குளோரம்ஃபெனிகால். அந்த மருந்தைத் தாங்கும் டைஃபாய்டுக் கிருமி அங்கே தோன்றியது. அந்தத் தாங்கும் திறன் வேறு பாக்டீரியாவுக்குக் கைமாறக்கூடியது என்று பணிக்கரும் விமலாவும் அதே ஆண்டில் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அக்காலத்து டைஃபாய்டுக் கிருமிகளில் இந்தத் திறனைச் சுமந்தவை பெரும்பாலும் இன்க்-எச்ஐ1 என்ற குடும்பத்துப் பெரிய பிளாஸ்மிட்கள்.

இந்தக் குடும்பத்துக்கு ஒரு விசித்திரமான குணம். மனித உடலின் 37 டிகிரியில் அவை ஏறக்குறைய கைமாறுவதே இல்லை. 22 முதல் 30 டிகிரிக்குள் நன்றாகக் கைமாறுகின்றன. காரணம் புரதங்கள்தான். இக்குடும்பத்தின் முன்மாதிரியான ஆர்-27, டி.என்.ஏ.-வை இறுகப் பற்றி மரபணுக்களை ஊமையாக்கும் எச்-என்எஸ் வகைப் புரதத்தையும், அதற்குத் துணை நிற்கும் எச்எச்ஏ வகைப் புரதத்தையும் தானே சுமந்துவருகிறது. செல்லிலும் அதே வகைப் புரதங்கள் உண்டு. இவற்றை நீக்கிய பாக்டீரியாவில், சூடு அதிகமான போதும் இடமாற்ற மரபணுக்கள் விழித்துக்கொண்டன, கைமாற்றம் கூடியது என்று 2005-இல் வந்த ஆய்வு காட்டியது. சூட்டில் பூட்டி, தண்ணீரின் குளிர்ச்சியில் திறக்கும் பூட்டு இது. உடலுக்குள் ஒளிந்திருந்து, உடலைவிட்டு வெளியேறிய பின் கொடுக்கல் வாங்கல் செய்யும் பிளாஸ்மிட் என்று இதைப் புரிந்துகொள்கிறேன். இது என் ஊகமே என்றாலும், தண்ணீர் வழியே பரவும் ஒரு கிருமிக்கு இது பொருந்திப் போகிறது.

இப்போது டெல்லிக்கு வருவோம். 2010 செப்டம்பர், அக்டோபரில் வால்ஷின் குழு டெல்லி நகர மையத்தைச் சுற்றித் தெருவில் தேங்கிய நீரிலும் குழாய் நீரிலும் மாதிரி எடுத்தது. முடிவுகள் 2011-இல் வெளிவந்தன. தேங்கிய நீர் 171 மாதிரிகளில் 51-இலும், குழாய் நீர் 50 மாதிரிகளில் 2-இலும் என்டிஎம்-1 மரபணு இருந்தது. காலராக் கிருமியிலும் சீதபேதிக் கிருமி ஒன்றிலும்கூட அது ஏறியிருந்தது. அதே கட்டுரையில் இன்னொரு கண்டுபிடிப்பு: அந்தப் பிளாஸ்மிட்கள் 25 டிகிரியிலும் 37 டிகிரியிலும் கைமாறியதைவிட 30 டிகிரியில் அதிகம் கைமாறின.

இந்த ஆய்வின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். ஒரே பருவத்தில், ஒரே நகரத்தில், இரண்டு வாரங்களில் எடுத்த மாதிரிகள் அவை. மரபணு இருந்த 51 தேங்கிய நீர் மாதிரிகளுக்கு எதிரே, மரபணுவோடு உயிருள்ள பாக்டீரியா வளர்ந்தது 12-இல் மட்டுமே. மரபணு தென்பட்டதெல்லாம் நோய் என்று சொல்வது தவறு. அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள் நோயுற்றார்களா என்பதை அந்த ஆய்வு பின்தொடரவில்லை. அரசு தரப்பு அன்று எழுப்பிய மறுப்புகளில் ஒரு பகுதி இவ்வகையில் நியாயமானது. ஆனால் அந்த மறுப்புகள் எதுவும் 30 டிகிரி பற்றிய முடிவைத் தொடவே இல்லை. மாதிரி எண்ணிக்கையைப் பற்றி வாதாடலாம். பூட்டு எந்தச் சூட்டில் திறக்கிறது என்பது மேசைமேல் திரும்பச் செய்து பார்க்கக்கூடியது. 30 டிகிரி என்பது அமராவதிக் கரையில் இருக்கும் எங்களுக்கு அந்நியமான எண் அல்ல. எங்கள் வாய்க்கால்களிலும் சாக்கடைகளிலும் ஆண்டின் பல மாதங்கள் தண்ணீர் அந்தச் சூட்டை ஒட்டித்தான் இருக்கிறது.

கத்தரியின் பங்கு எவ்வளவு?

முதல் கூற்றை இப்போது நிறுத்துப் பார்க்கலாம். ஆன்டிபயாடிக்கைக் கண்டபடி பயன்படுத்துவது தீங்கு என்பதில் எனக்கு எள்ளளவும் ஐயம் இல்லை. 2012-இல் மருத்துவர் அப்துல் கஃபூர் முன்னின்று உருவாக்கிய சென்னைப் பிரகடனம் இதை உரக்கச் சொன்னது. 2014 மார்ச் முதல், கடைசி வரிசை ஆன்டிபயாடிக்குகள் பல 'அட்டவணை எச்1'-இல் சேர்க்கப்பட்டு, மருந்துச்சீட்டில்லாமல் விற்பது கட்டுப்படுத்தப்பட்டது. கோலிஸ்டின் என்னும் இறுதி மருந்தைத் தாங்கும் எம்சிஆர்-1 மரபணு, கைமாறும் பிளாஸ்மிட்டில் இருப்பதாக 2015-இல் சீனாவிலிருந்து செய்தி வந்தது. 2019-இல் இந்தியா கோழி, கால்நடைத் தீவனத்தில் கோலிஸ்டினுக்குத் தடை போட்டது. பல்லடம் வட்டாரத்துக் கறிக்கோழிப் பண்ணைகள் நாடறிந்தவை. அந்தத் தடையின் பொருள் எங்கள் மாவட்டத்துக்கு நன்றாகவே புரியும். இவை எல்லாம் சரியான அடிகள்.

கேள்வி, இவை போதுமா என்பதே. மருந்து கைமாற்றத்தைத் தூண்டுகிறதா, அல்லது கைமாறியவற்றை மட்டும் பிழைக்க வைத்துப் பெருக்குகிறதா? அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் அலிசன் லோபட்கினும் லிங்சாங் யூவும் உள்ளிட்ட குழு 2016-இல் இவ்விரண்டையும் பிரித்து அளந்தது. அவர்கள் ஆராய்ந்த பிளாஸ்மிட்களில், மருந்து கைமாற்ற வேகத்தைக் குறிப்பிடும்படி உயர்த்தவில்லை. பிழைத்தவற்றைத் தேர்ந்தெடுத்தது, அவ்வளவே. 2017-இல் அதே குழு இன்னொன்றைக் காட்டியது. மருந்தே இல்லாத இடத்திலும், வேகமாகக் கைமாறும் பிளாஸ்மிட்கள் அழிந்துபோகாமல் நிலைக்கின்றன. செல் பிரியும்போது தொலைவதை, கைமாற்றம் ஈடுகட்டிவிடுகிறது.

இதற்கு விலக்குகள் உண்டு. குடலில் வாழும் பாக்டீராய்ட்ஸில் ஒரு நகரும் மரபுத்துண்டு, டெட்ராசைக்ளின் மருந்து பட்டால்தான் கிளர்ந்தெழுகிறது. அங்கே மருந்தே சாவி. ஆகவே மருந்து ஒருபோதும் பூட்டைத் தொடாது என்று சொல்ல முடியாது. ஆனாலும் பொதுக் கணக்கு தெளிவானது. கத்தரியால் நறுக்கிய மூன்று மாத்திரை, பிளாஸ்மிட் வாங்கிய பாக்டீரியாவுக்கு இடம் ஒதுக்கித் தருகிறது. கைமாற்றத்தை நடத்துவது பெரும்பாலும் அது அல்ல. மருந்தை நாளையே முழுதும் நிறுத்தினாலும், பூட்டு திறந்திருக்கும் பிளாஸ்மிட் தானாக மறைந்துவிடாது.

புரதத்தையே மருந்தாகக் குறிவைக்கலாமா?

பூட்டும் புரதம் இருக்கிறது என்றால், அதை நாமே பூட்டிவிட்டால் என்ன என்ற ஆசை இயல்பாக வரும். 2007-இல், எலும்புத் தேய்வுக்குத் தரும் பிஸ்பாஸ்பனேட் மருந்துகள் டிரா-ஐ புரதத்தை முடக்கிக் கைமாற்றத்தைத் தடுக்கின்றன என்ற அறிவிப்பு பெரும் நம்பிக்கை தந்தது. பின்வந்த சோதனைகளில், அந்த விளைவு அப்புரதத்தைக் குறிபார்த்து அடித்ததால் வந்ததாகத் தெரியவில்லை. உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் பொதுவான குணமே காரணம் என்று பட்டது. எம்13 வைரஸின் மேலுறைப் புரதம் ஒன்று எஃப் நுண்ணிழையோடு ஒட்டிக்கொண்டு கைமாற்றத்தைத் தடுப்பதும், சில கொழுப்பமிலங்கள் இடமாற்றக் குழலின் மோட்டார்ப் புரதத்தை நிறுத்துவதும் ஆய்வுக்கூடத்தில் மெய்தான். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு சில பிளாஸ்மிட் குடும்பங்களுக்கு மட்டும் பொருந்துகிறது. பூட்டுகள் பல வடிவம் என்று மேலே பார்த்தோம். ஒரே சாவியால் எல்லாவற்றையும் பூட்ட முடியாது. ஆராய்ச்சி தொடரட்டும். அதை நம்பி இன்றைய வேலையைத் தள்ளிப்போடக் கூடாது.

என் தீர்ப்பு

முதல் கூற்று பாதி உண்மை. மருந்துக் கட்டுப்பாடு தேவை. அது தேர்வைக் குறைக்கும், கைமாற்றத்தை நிறுத்தாது. இரண்டாவது கூற்று தவறு. பூட்டு உடைந்த ஒரு பிளாஸ்மிட்டைக் கண்டு எல்லாவற்றையும் எடைபோட்டதன் விளைவு அது. இயற்கையில் பெரும்பாலானவை தம்மைத் தாமே பூட்டிக்கொள்கின்றன. மூன்றாவது கூற்றே நிற்கிறது. ஆனால் ஒரு திருத்தத்தோடு: புரதம் தன்னிச்சையாகத் திறப்பதில்லை, சூடு, நெருக்கம், புதிதாக வாங்கும் செல்களின் கூட்டம் ஆகியவை சேர்ந்து திறக்க வைக்கின்றன. இம்மூன்றும் ஒருசேர வாய்க்கும் இடம் வெதுவெதுப்பான கழிவுநீர். ஆகவே கத்தரியைவிடச் சாக்கடைக்கே பெரிய பங்கு என்பது என் முடிவு. ஹரியானாவைப் போல ஒரே குலம் பரவும் மருத்துவமனைகளுக்கு இந்த முடிவு பொருந்தாது. அங்கே கை கழுவுதலே முதல் மருந்து. அதை அறியவும், பூட்டின் நிலையை முதலில் சோதித்தாக வேண்டும்.

2010-இன் சென்னைக் கட்டுரை இந்த வேறுபாட்டைத் தரவாகத் தந்தது. அதன் பயண எச்சரிக்கை தரவைத் தாண்டிப் போனது. 2011-இன் டெல்லிக் கட்டுரை அளவில் சிறியது. 30 டிகிரி என்ற ஒரு கண்டுபிடிப்பில் மிகப் பெரியது. பெயருக்காகக் காட்டிய கோபத்தில் பாதியையாவது அந்த எண்ணுக்காகக் காட்டியிருந்தால், இன்று கழிவுநீர் சுத்திகரிப்பு நம் மருந்துக் கொள்கையின் முதல் பக்கத்தில் இருந்திருக்கும்.

திருப்பூர்க்காரர்களுக்கு இதைப் புரிந்துகொள்ளத் தனி அனுபவம் இருக்கிறது. நொய்யல் ஆறு சாயத்தால் நிறம் மாறியபோது விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாது என்ற நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2006-இல் கட்டாயமாக்கியது. அது நிறைவேறாதபோது 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அத்தனையும் நடந்தது, நிறம் கண்ணுக்குத் தெரிந்ததால். பிளாஸ்மிட்டுக்கு நிறமில்லை. வீட்டுக் கழிவும் மருத்துவமனைக் கழிவும் சுத்திகரிக்கப்படாமல் வாய்க்காலில் கலந்தால், வயலில் இறங்குகிறவர் காலில் சாயம் ஒட்டாது. ஆனால் வேறொன்று ஒட்டும். சாயத்துக்கு வைத்த அளவுகோலை, சிற்றூர்களின் மலக்கழிவுக்கும் மருத்துவமனைக் கழிவுக்கும் வைக்க வேண்டும். நோய்க்கிருமிக் கண்காணிப்பில் மரபணுவின் பெயரை மட்டும் எழுதி நிறுத்தாமல், அதைச் சுமக்கும் பிளாஸ்மிட் எந்தக் குடும்பம், எந்தச் சூட்டில் கைமாறுகிறது என்பதையும் எழுத வேண்டும். இவை இரண்டும் இன்றே செய்யக்கூடியவை. புதிய மருந்து எதற்கும் காத்திருக்கத் தேவையில்லை.

என் பங்குக்கு நான் மாற்றிக்கொண்டது ஒன்று. இத்தனை ஆண்டுகள், கலந்த குழாயை 37 டிகிரி இன்குபேட்டரில் மட்டும் வைத்து, புள்ளி தெரியாவிட்டால் 'கைமாற்றம் இல்லை' என்று மாணவர்களின் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அது அவசரத் தீர்ப்பு. இனி ஒவ்வொரு சோதனைக்கும் இரண்டு குழாய்கள். ஒன்று இன்குபேட்டருக்கு. மற்றொன்று ஜன்னலோர மேசையில், வாய்க்கால் தண்ணீரின் சூட்டில். குழாயின் மேல் ஒட்டும் துண்டுச் சீட்டில் பாக்டீரியாவின் பெயருக்குக் கீழே வெப்பநிலையையும் எழுதச் சொல்லியிருக்கிறேன்.